இருக்கிறவர்களிடம் "மார்க்கட் ரேட்" கேட்கிறவர்களுக்கு



பதிவு நீளமானது. நேரம் இல்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீடோ கடையோ வாடகைக்குக் கொடுத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கொஞ்ச நாளாக நம்மூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கதைதான். "வாடகை கூட்டப் போறம். ஏலாட்டி காலி பண்ணுங்க." 15,000 ரூபாவுக்கு இருந்த வீட்டுக்கு இப்போது 25,000 கேட்கிறார்கள். அறிவித்தல் எப்படி வருகிறது தெரியுமா? வட்ஸ்அப்பில் அரை நிமிட வொய்ஸ். முதலாம் திகதியிலிருந்து புது வாடகை, வொய்ஸ் வருவது 22 ஆம் திகதி. நாலு வருடமாக ஒரு மாதமும் பிந்தாமல் காசு கொடுத்தவர்களுக்கும் இதே வொய்ஸ்தான்.

ஏன் இவ்வளவு என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில். "இப்ப மார்க்கட் ரேட் அதுதான் டீச்சர். நாங்க என்ன செய்யிற?" கடலில் அலை எழும்பின மாதிரி, யாருடைய கையிலும் இல்லாத ஒரு விசயம் மாதிரி இதைச் சொல்கிறார்கள். நான் எழுத வந்தது இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். ஏற்கெனவே உங்கள் வீட்டில் குடியிருக்கும் ஒருவரிடம் நீங்கள் கேட்பது மார்க்கட் ரேட் இல்லை. அது வேறொரு விலை.

ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஒரு குடும்பம் 15,000 ரூபா வீட்டில் இருக்கிறது. அதே போல இரண்டு அறை, அதே போல ஒரு குசினி உள்ள வேறொரு வீடு பக்கத்து வீதியில் 20,000 ரூபாவுக்குக் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். மார்க்கட் ரேட் என்றால் அதுதானே, 20,000. ஆனால் வீட்டுக்காரர் கேட்பது 25,000. "அப்ப அந்த வீட்டுக்குப் போங்களேன்" என்று சொல்வது லேசு. போக என்ன வேண்டும்? ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 120,000 ரூபா ஒரே தரத்தில் கையில் வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் அன்றைக்கே திரும்பி வராது, "பெயின்ட் அடிக்க வேணும், கதவு பழுது" என்று வெட்டிக் கொத்தித்தான் வரும், சில நேரம் வராது. லொறிக் கூலி, ஆள் கூலி, கழற்றிப் பூட்டும்போது உடைகிற அலுமாரி, புது வீட்டுக்கு அளவு சரிவராத திரைச்சீலை. வேலைக்குப் போகிறவருக்கு மூன்று நாள் சம்பளம். இதையெல்லாம் அந்த வீட்டுக்காரரும் அறிவார். மாதம் 5,000 படி வருடத்துக்கு 60,000 கூடக் கொடுப்பதை விட, எழும்பிப் போவது இந்தக் குடும்பத்துக்குக் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் 20,000 கேட்காமல் 25,000 கேட்கிறார்.

அந்த மேலதிக 5,000 ரூபா எதற்கான கூலி? வீட்டுக்கு இல்லை. வீட்டில் ஒரு கல்லும் கூடவில்லை. இந்தக் குடும்பத்தால் அசைய முடியாது என்பதற்கான கூலி அது. காலியான வீட்டுக்குப் புதிதாக வருகிறவரோடு பேசும்போது இரண்டு பேரும் சமம். அவர் வேண்டாம் என்று திரும்பிப் போகலாம். குடியிருக்கிறவரோடு பேசும்போது அப்படி இல்லை. அவருடைய பிள்ளையின் பாடசாலை, வயதான உம்மாவின் கிளினிக், கடை என்றால் பத்து வருடமாக அந்த வாசலைத் தேடி வருகிற வாடிக்கையாளர், எல்லாவற்றையும் ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொண்டு மறுபக்கம் விலை பேசுகிறீர்கள். அதற்கு மார்க்கட் என்று பெயர் வைக்காதீர்கள்.

கடைகளில் இது இன்னும் மோசம். ஒரு தையல்காரர் மூலையில் கிடந்த கடை ரூம் ஒன்றை எடுக்கிறார். அந்த நேரம் அந்தப் பக்கம் நாய் கூடப் போகாது. அவர் எட்டு வருடம் இருந்து, பெருநாளைக்குப் பெருநாள் இரவு இரண்டு மணி வரை மெசின் மிதித்து, ஊர்ச் சனத்தை அந்தப் பக்கம் வரப் பழக்குகிறார். அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒரு போன் கடை வருகிறது, ஒரு ஜூஸ் கடை வருகிறது. பிறகு கடைக்காரர் வந்து, "இப்ப இந்த இடத்துக்கு நல்ல டிமாண்ட், வாடகையைக் கூட்டுங்க" என்கிறார். அந்த டிமாண்டை உண்டாக்கியது யார்? தான் உழைத்துக் கொடுத்த பெறுமதிக்குத் தானே வாடகை கட்டச் சொன்னால் அந்த மனிசன் யாரிடம் போய்ச் சொல்வார்?

இனி நான் தினமும் பார்க்கிற பக்கத்துக்கு வருகிறேன். வாடகை கூட்டின செய்தி எங்களுக்குப் பாடசாலையில் வேறு விதமாக வந்து சேரும். சாதாரண தரத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளை இடைவிலகல் பத்திரம் கேட்டு வரும். கேட்டால் "வீடு மாறுறம் டீச்சர், உம்மம்மா வீட்ட போறம்." அதுவரை நல்லாப் படித்த பிள்ளை. இல்லாவிட்டால் பாடசாலை மாறாமல், மூன்று கிலோமீற்றர் தள்ளி இருந்து வரும். முதலாம் பாடம் முடிந்த பிறகு வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்கும். வரவு இடாப்பில் நாங்கள் சிவப்பு மையால் ஒன்றைப் போடுகிறோம். அந்தச் சிவப்பு யாருடைய வட்ஸ்அப் வொய்ஸில் தொடங்கினது என்று இடாப்பில் எழுத இடமில்லை.

முதலாம் தர அனுமதி என்று ஒன்று இருக்கிறது. பேர் போன பாடசாலைகளில் கூடுதலான இடங்கள் அருகில் வசிப்போர் பிரிவுக்குத்தான். வசிப்பிடத்தை நிரூபிக்க வேண்டும். கடந்த ஐந்து வருடத் தேருநர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், உறுதியோ பதிந்த குத்தகை உடன்படிக்கையோ வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வாடகைக்கு இருப்பவரின் பெயரைத் தங்கள் வீட்டு இலக்கத்தில் பதியவே விடுவதில்லை. "பேரப் பதிஞ்சா நாளைக்கு வீடு அவருக்கெண்டு சொல்லுவார்" என்று ஒரு பயம். கிராம சேவகர் பத்திரம் கொண்டு வந்தால், "அவங்க தற்காலிகமா இரிக்காங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேர்முகப் பரீட்சைக்கு அந்தத் தாய் ஒரு கரண்ட் பில்லைக் கொண்டு வருகிறார், அதில் வீட்டுக்காரர் பெயர். ஒரு கடிதத்தைக் கொண்டு வருகிறார், அதற்குப் புள்ளி இல்லை. ஆறு வருடம் அந்த வீதியில் இருந்த குடும்பம் கடதாசியில் எங்குமே இருந்ததில்லை. இருநூறு மீற்றர் தள்ளி இருக்கும் பாடசாலையில் அவர்களின் பிள்ளைக்கு இடமில்லை.

தேருநர் இடாப்பில் பெயர் பதிவதால் எவருக்கும் உங்கள் வீடு சொந்தமாகாது. யார் எங்கே வசிக்கிறார் என்பதை மட்டும்தான் அது சொல்லும். உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டுக்காரர்கள் சொல்கிற காரணங்களுக்கு வருவோம். முதலாவது, சாமான் விலை கூடிவிட்டது.

கூடியது உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த நேரம் வாடகையைக் கூட்டினவர்களை நான் பிழை சொல்ல மாட்டேன். கூட்டாமல் விட்ட நல்ல மனிசர்களும் இருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் அதே பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 வீதத்துக்கு இறங்கியது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போனது. 2025 ஜனவரியில் மறை 4. அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் இருந்ததை விடப் பொதுவாக விலைகள் குறைந்திருந்தன. அந்த நேரத்தில் "சாமான் விலை குறஞ்சிட்டு, வாடகையில 500 ரூபா குறைச்சுத் தாங்க" என்று வொய்ஸ் போட்ட ஒரு வீட்டுக்காரரைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஏறும்போது பணவீக்கத்தின் பெயரைச் சொல்கிறவர்கள், இறங்கும்போது அதன் பெயரை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, சீமெந்து விலையும் மேசன் கூலியும் கூடினால் இனிமேல் வீடு கட்டுகிறவருக்குத்தான் செலவு. 2014 இல் கட்டி முடித்த வீட்டுக்கு 2022 சீமெந்து விலையில் வாடகை கேட்டால் என்ன நியாயம்? கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லியும் ஒரு ஓடு மாற்றாதவருக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும்.

இரண்டாவது காரணம் எங்களைத் தேடி வருவது. "டீச்சர்மாருக்குச் சம்பளம் கூடியிரிக்கே." 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகும் என்று சொன்னார்கள். உண்மை. நாங்கள் ஏற்கெனவே கொடுப்பனவாக வாங்கிக்கொண்டிருந்த காசையும் அதற்குள் சேர்த்துத்தான் அந்த 15,750. அதுவும் ஒரே நாளில் இல்லை, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணை. முதல் தவணை கையில் விழ முன்னரே வெளியூரிலிருந்து வந்து இங்கே படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலருக்கு வாடகை 5,000 கூடிவிட்டது. பேப்பரில் தலைப்பைப் பார்த்தே கூட்டியிருக்கிறார்கள்! அரசாங்கம் எனக்குச் சம்பளம் கூட்டுவது என் பிள்ளைக்குப் பால்மா வாங்க. வீட்டுக்காரருக்குப் பங்கு வைக்க இல்லை.

மூன்றாவது காரணத்தை அப்படித் தூக்கி எறிய முடியாது. அதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே பேச வேண்டும். "நாலு குமர் டீச்சர். ஒவ்வொருத்திக்கும் வீடு கட்ட வேணும்."

நம்முடைய கிழக்கு மாகாண முஸ்லிம் சமூகத்தில் வாடகை வீடு என்பது கொழும்பில் போல முதலாளிமாரின் பிஸ்னஸ் இல்லை. அனேகமாக அது ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும். மகளுக்கென்று கட்டின வீடு, மகள் சின்னப் பிள்ளை, அவள் கலியாணம் முடிக்கும் வரை வாடகைக்குக் கொடுத்து, அந்தக் காசை அடுத்த மகளின் அத்திவாரத்தில் போடுகிறார்கள். மாப்பிள்ளை கத்தாரில். வாப்பா வயலில். வாடகை பேசுவது பெரும்பாலும் ராத்தா இல்லை, ராத்தாவின் தம்பி. இந்த நெருக்கடி எனக்கு விளங்கும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய துண்டில் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வயலை நிரப்ப அனுமதி இல்லை, 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் இருந்த சனமும் மேற்கே வந்தது. பேர்ச்சஸ் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு என்ற வழக்கம் இருக்கும் வரை இது குறையாது. (அந்த வழக்கத்தைப் பற்றி வேறொரு நாளைக்கு எழுதுகிறேன். அதற்கும் திட்டு வாங்கத் தயார்.)

ஆனால் இதை மறுபக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவருக்கும் குமர்கள் இருக்கிறார்கள். அவர் ஓட்டோ ஓடி, மாதம் 5,000 படி சீட்டுக் கட்டி வந்தது அவருடைய மகளின் அத்திவாரத்துக்கு. நீங்கள் கூட்டின 10,000 அந்தச் சீட்டைத்தான் நிறுத்தும், வேறெதையும் இல்லை. சோற்றை நிறுத்த முடியாது, பஸ் காசை நிறுத்த முடியாது. ஆக, உங்கள் மகளின் வீட்டை இன்னொரு மகளின் வாப்பா கட்டித் தருகிறார். அவளுக்கு யார் கட்டுவது?

வாடகையை மட்டும் நம்பிச் சீவிக்கிற விதவை ராத்தாமார் இருக்கிறார்கள். அவர்களை நான் இங்கே சேர்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒரேயடியாகப் பத்தாயிரம் கூட்டுகிறவர்கள் அனேகமாக அவர்கள் இல்லை. அவர்களுக்கு நல்ல ஒரு குடும்பம் வீட்டில் நிலையாக இருப்பது பெரிய விசயம். பெரிய தொகை கேட்கிறவர்கள் மூன்று நாலு வீட்டுக்காரர்கள்தான்.

இப்போது வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நீதியாகப் பேசினதாகாது.

வீட்டுக்காரர்களின் பயம் சும்மா வந்தது இல்லை. இந்த நாட்டில் 1942 இலும் 1948 இலும் வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டு வந்தார்கள். பிறகு 1972 இன் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. வாடகைக்கு இருப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் கொழும்பில் அதை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சில்லறைக் காசு வாடகை கட்டி, வீட்டுச் சொந்தக்காரர் வேறெங்கோ கூலிக்கு இருக்க, இவர் எழும்ப மாட்டேன் என்று வழக்குப் பேசின கதைகளும் உண்டு. நம் பள்ளிவாசல்களின் கடை அறைகளையே பாருங்கள். வக்புச் சொத்து. யாரோ ஒரு நல்ல மனிசர் மறுமைக்கென்று கொடுத்தது. அதில் பழைய வாடகைக்கு இருந்துகொண்டு, அதே அறையை இன்னொருவருக்குப் பத்து மடங்குக்கு உள்வாடகை கொடுத்துத் தின்கிறவர்கள் இல்லையா? பள்ளிக்குப் போக வேண்டிய காசு அவருடைய சட்டைப் பையில். அப்படிப்பட்டவரைக் குடியிருப்பாளர் என்று நான் கணக்கெடுக்கவில்லை. அவர் வீட்டுக்காரர்தான், உறுதி இல்லாத வீட்டுக்காரர். இருக்கிறவரின் உரிமை என்று நான் பேசுவது இருக்கிற உரிமையை, விற்கிற உரிமையை இல்லை.

அந்த 1972 சட்டத்தை நினைத்து இன்றைக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1977, 1980, 2002 என்று திருத்தங்கள் வந்து வந்து, நம் பக்கத்தில் இப்போது கட்டி வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு அந்த வாடகைக் கட்டுப்பாடு பெரும்பாலும் எட்டாது. போதாததற்கு, குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தைக் கெதியாக மீட்பதற்கென்றே 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. முறையாக எழுதிக் கொடுத்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. ஆகவே பயம் என்ற காரணம் பழையது. அது போன பிறகும் பழக்கம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

முறையாக எழுதுவது என்றேன். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், இரண்டு பக்கத்தாரும். நம்மூரில் ஒரு வருட அக்ரிமெண்ட் என்று சொல்லி, கொமியூனிகேசனில் ஒரு பேப்பர் டைப் பண்ணி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் ஒப்பம் வைத்து பீரோவில் பூட்டி வைக்கிறோம். 1840 இன் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது குத்தகையாக நிற்காது. நூற்றி எண்பது வருடத்துக்கு மேலான சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் டைப் பேப்பரை நீதிமன்றம் அனேகமாக மாதாந்த வாடகையாகத்தான் பார்க்கும். அப்படியானால் ஒரு வருடம் இருக்கலாம் என்று நம்பி ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்தவருக்கு உண்மையில் கிடைத்தது மாதத்துக்கு மாதம் இருக்கும் உரிமைதான். வீட்டுக்காரருக்கும் 2023 சட்டத்தின் கெதி வழி கிடைக்குமோ என்பது சந்தேகம்தான். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பேரும் வெறுங்கையோடு நிற்கிறோம்.

மாதாந்த வாடகை என்றாலும் முழுதாக ஒரு மாத அறிவித்தல் வேண்டும். 22 ஆம் திகதி சொல்லி முதலாம் திகதி எழும்பச் சொல்ல முடியாது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைக்கவோ, பூட்டை மாற்றவோ, பைப்பை மூடவோ யாருக்கும் அதிகாரம் இல்லை, வீடு அவருடையதாகவே இருந்தாலும். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போனால், 1979 இன் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் திரும்ப உள்ளே போக வழி இருக்கிறது. முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டின் பிரதியை வாங்கி வையுங்கள். "ஊருக்குள்ள என்னத்துக்கு பொலிஸ்" என்று சமாதானம் பேச நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேரும் பூட்டை மாற்றும்போது எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கரண்ட் பில் கதையையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். மேல் மாடியில் வீட்டுக்காரர், கீழே வாடகைக் குடும்பம், ஒரே மீற்றர். அலகு கூடக் கூட அலகின் விலையும் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு குடும்பத்தின் பாவனையும் சேர்ந்து பில் உயர்ந்த படிக்குப் போனால், மேலே ஏசி ஓடுவதற்கு கீழே மின்விசிறி சுற்றுகிறவர் பாதிக் காசு கட்டுகிறார். இதையும் வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி மார்க்கத்தைச் சொல்லி வருகிறவர்கள். மதீனாவில் விலைகள் ஏறினபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று கேட்டும் நபியவர்கள் (ஸல்) மறுத்தார்களே, பிறகு எங்கள் வாடகையில் கைவைக்க நீங்கள் யார் என்று ஒரு சகோதரர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். நான் ஆலிமா இல்லை. ஆனால் அதே விசயத்தைப் பேசின இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள், மக்களின் நிர்ப்பந்தத்தைப் பயன்படுத்தி விலை ஏற்றப்படும் இடத்தில் நியாயமான விலைக்குக் கட்டாயப்படுத்தலாம் என்று சொன்னதையும் அவர் சேர்த்து வாசிக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலில் இரண்டு தரப்பும் மனம் பொருந்த வேண்டும் என்பது நமக்கு மதரசாவிலேயே சொல்லித் தந்த பாடம். பரீட்சை எழுதுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, எட்டு நாளில் பதில் சொல்ல வேண்டிய ஒரு தாய், "சரி, தாறம்" என்று சொல்வது மனப் பொருத்தமா? மௌலவிமார்தான் சொல்ல வேண்டும். குத்பாவில் சொன்னால் இன்னும் நல்லது. வட்டியைப் பற்றி எத்தனையோ குத்பா கேட்டிருக்கிறோம், வாடகையைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை.

2004 டிசம்பர் 26 ஐ நினைத்துப் பாருங்கள். கடற்கரையிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடி வந்த சனத்துக்கு இந்த ஊர் வீட்டைத் திறந்துவிட்டது. ஒரு அறையில் மூன்று குடும்பம். யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. அன்றைக்குத் திறந்த கதவுகளில் சில இன்றைக்கும் அதே நிலையில்தான் நிற்கின்றன, உள்ளே இருக்கிற ஆட்களும் அதே ஆட்கள்.

நான் கேட்பது வாடகையைக் கூட்டாதீர்கள் என்பதில்லை. காலியான வீட்டுக்கு உங்கள் விருப்பம் போல விலை கேளுங்கள், வருகிறவர் வருவார். ஏற்கெனவே இருக்கிறவருக்கு மட்டும் வேறு கணக்கு இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் மட்டும் கூட்டுங்கள், அதுவும் மூன்று மாதத்துக்கு முன்னர் எழுத்தில் சொல்லி. அந்த வருடத்துப் பணவீக்கம் எவ்வளவோ, அதை ஒட்டிக் கேளுங்கள், கூரையோ குளியலறையோ திருத்தியிருந்தால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் புலமைப்பரிசிலோ சாதாரண தரமோ உயர்தரமோ எழுதுகிற பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும் வரை எழுப்பாதீர்கள். உங்கள் மகளின் கலியாணத்துக்கு வீடு தேவை என்றால், கலியாணம் பேசின அன்றே சொல்லுங்கள், பந்தல் போட முதல் கிழமை சொல்லாதீர்கள். மாதாமாதம் ரசீது கொடுங்கள். தேருநர் இடாப்பில் பெயரைப் பதிய விடுங்கள்.

இது சட்டமாக வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் நினைத்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். தங்களுடைய கடை அறைகளில் இருந்தே தொடங்கட்டும். உள்வாடகைக்காரரை வெளியேற்றி, உண்மையாகத் தொழில் செய்கிறவருக்கு நொத்தாரிசு உடன்படிக்கை எழுதிக் கொடுத்து, அதில் வருட வருடம் எவ்வளவு கூடும் என்று எழுதட்டும். ஊரே அந்தப் பத்திரத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும். வாடகைப் பிரச்சினை வந்தால் கேட்க மூன்று பேரைப் போடட்டும், அந்த மூன்று பேரில் ஒருவராவது வாடகைக்கு இருக்கிறவராக இருக்கட்டும். இப்போது நிர்வாகத்தில் இருக்கிறவர்களில் வாடகை வீட்டில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண ஒரு விரலும் தேவைப்படவில்லை.

கொமண்டில் என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். "டீச்சருக்கு சொந்த வீடு இருக்கா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு, உம்மா தந்த வீடு இருக்கிறது, வாடகைக்கு யாரும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த வாடகைக்காரர் யாருடைய பெயரையும் கீழே டெக் பண்ணாதீர்கள், "இது எங்கட கததானே" என்று யாரும் எழுதவும் வேண்டாம். வீட்டுக்காரர்களும் இதை வாசிக்கிறார்கள். எழுத வேண்டியது இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறவற்றைப் பெயர் இல்லாமல் ஒரு கடிதமாக்கி நிர்வாகத்திடம் கொடுக்கிறேன்.